லேபில் மட்டும் நின்றுபோன பிஎக்ஸ்இ பூட்

காட்பாடி பக்கம் ஒரு கல்லூரி லேபில் எல்லாக் கணினிகளுக்கும் ஃபாக் என்ற இலவச மென்பொருள் வழியாக ஒரே இமேஜ் (ஓஎஸ், மென்பொருள் எல்லாம் அடங்கிய டிஸ்க் நகல்) ஏற்றும் வேலை. அதற்குக் கணினி தன் டிஸ்க்கை விட்டு நெட்வொர்க் வழியாக எழ வேண்டும், அதுதான் பிஎக்ஸ்இ பூட். என் மேசையில் ஒன்றை வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது. லேபில் ஒன்றாக ஆன் செய்தால் முதலில் ஐபி கிடைக்கும், பூட் ஃபைலும் இறங்கும். அந்த ஃபைலில் இருக்கும் ஐபிஎக்ஸ்இ என்ற பூட் நிரலின் திரை வந்ததும், டிஎச்சிபி (ஐபி முகவரி கொடுக்கும் சேவை) கிடைக்காமல் நின்றுவிடும்.

சர்வருக்குச் சுமை என்றே எல்லோரும் சொன்னார்கள். டிஎச்சிபி வரம்பைக் கூட்டினேன், பூட் ஃபைலை மாற்றினேன். வேலூர் வெயில் மேல் பழி போட்டு ரேக்குக்கு ஃபேனும் வைத்தாயிற்று. கடைசியில் லேபில் ஒரே ஒரு கணினியை ஆன் செய்தேன். அதுவும் நின்றது! அப்போ சுமை இல்லை.

ஸ்விட்ச் விளக்கைக் கவனித்தேன். ஐபிஎக்ஸ்இ தொடங்கும்போது நெட்வொர்க் கார்டு ஒரு நொடி அணைந்து எழுகிறது. உடனே ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் தரவு சுற்றிச் சுற்றி வரும் லூப்பைத் தடுக்க ஸ்விட்ச்சில் இருக்கும் வசதி) அந்த போர்ட்டை மறுபடி 30 விநாடி அடைத்துவைக்கிறது, 15 கேட்க, 15 கற்க. அதற்குள் ஐபிஎக்ஸ்இ கைவிட்டுவிடுகிறது. என் மேசையில் நடுவே ஒரு சின்ன சாதா ஸ்விட்ச் இருந்ததால் கார்டு அணைந்து எழுந்தாலும், அங்கிருந்து பெரிய ஸ்விட்ச்சுக்குப் போகும் இணைப்பு அறுபடவே இல்லை. இதுதான் ஏமாற்றியது.

கணினி போர்ட்களில் மட்டும் போர்ட்ஃபாஸ்ட் (அந்த 30 விநாடி காக்காமல் போர்ட்டை உடனே திறக்கும் அமைப்பு) போட்டேன். ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் போகும் போர்ட்களில் கூடாது, லூப் ஆகலாம். மொத்த லேபும் எழுந்தது. அப்பாடா. கான்ஃபிக்கைச் சேமிக்க மறக்காதீர்கள், கரண்ட் போய் வந்தால் பழைய கதைதான்.