தாய்ச்சி பழகும்போது கையைப் பார்க்காதீர்கள்

யூடியூபில் தாய்ச்சி வீடியோவைப் போட்டால் முதலில் கண்ணில் படுவது கைகள்தான். மெதுவாக, அழகாக, இடமும் வலமும் மிதந்து போகும். வயதான காலத்தில் விழாமல் இருக்க வேண்டுமென்று பழகத் தொடங்குகிறவர்களும் அந்தக் கையைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். கால் இரண்டும் நட்ட கம்பம் மாதிரி அப்படியே நிற்கும். தோளுக்கு நல்லதுதான், ஆனால் விழுவதைத் தடுக்க அது போதாது.

தாய்ச்சி சீனத் தற்காப்புக் கலை. எதிராளி தள்ளினாலும் சாயாமல் நிற்பதுதான் அதில் பாதி வித்தை, அது காலில் இருக்கிறது. இரண்டு காலிலும் எடை தேங்கி நின்றால் ஆசிரியர்கள் ‘இரட்டை எடை’ என்று சொல்லித் திருத்துவார்கள். ஒரு கால் தாங்க வேண்டும், மற்றது காலியாக இருக்க வேண்டும்.

ஓர் அடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உடல் எடை முழுவதையும் வலது காலுக்குக் கொண்டுபோங்கள். இடது கால் லேசாகிவிடும். அதை முன்னால் நீட்டிக் குதிகாலை மட்டும் தரையில் தொடுங்கள், எடை இன்னும் போகக் கூடாது. இப்போது அந்தக் காலை ஆட்டமில்லாமல் திரும்ப எடுக்க முடிகிறதா? முடிந்தால் அடி சரி. பிறகுதான் பாதத்தைப் பதித்து எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு, காலை வைக்கும்போதே உடம்பையும் தொப்பென்று அதன்மேல் போட்டுவிடுகிறார்கள். நிலைப்படி தடுக்கும்போது நம்மைக் காப்பாற்ற வேண்டியது பின்னால் நிற்கும் கால். அதற்குத் தாங்கும் பழக்கமே வராமல் போய்விடும்.

நிறைய அசைவுகளைக் கற்க ஆசைப்படுவது இன்னொரு தவறு. 1956-ல் சீனாவில் எளிமையாக்கிய வரிசையிலேயே 24 அசைவுகள், பழைய வரிசைகள் இன்னும் நீளம். அடுத்தது என்ன என்று யோசிப்பதிலேயே கவனம் போய்விடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஃபூஜோங் லீ குழுவினர் முதியோருக்கென்று வடிவமைத்த பயிற்சியில் எட்டே அசைவுகள்தான். 70 வயதைத் தாண்டிய, ஏற்கெனவே விழுந்த அல்லது நடை தளர்ந்த 670 பேரை வைத்து அவர்கள் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. அவர்களில் வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட தாய்ச்சி செய்தவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு. தசை வலுவுக்கும் சமநிலைக்கும் கலந்து உடற்பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் 31 சதவீதம் குறைவு.

அந்த எண்ணைக் கேட்டுத் துள்ள வேண்டாம். ஆய்வில் தாய்ச்சி பழகியவர்கள் வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரம் செய்தார்கள். நம் ஆட்கள் மூன்றாம் வாரமே ‘ஒன்றும் தெரியலையே’ என்று விட்டுவிடுகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வெளியிட்ட தொகுப்பு, தாய்ச்சியால் விழுதல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையலாம் என்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கணக்கை மனதில் வைத்துத் தொடங்குவதே நல்லது.

பிள்ளைகள் செய்யும் தவறும் உண்டு. “அப்பா, எதுக்கு ரிஸ்க், உட்கார்ந்தே செய்யுங்க.” நிற்கவே முடியாதவருக்கு அது சரி. நிற்க முடிந்தவர் எப்போதும் உட்கார்ந்தே செய்தாலும், நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டே செய்தாலும் சமநிலைக்கு வேலையே இருக்காது. லேசாகத் தள்ளாடி, தானே சமாளித்துக்கொள்வதுதான் பயிற்சி. பிடிமானம் எட்டும் தூரத்தில் இருந்தால் போதும், ஆனால் அது பிளாஸ்டிக் நாற்காலியாக இருக்கக் கூடாது. சாய்ந்து பிடித்தால் அதுவும் கூடவே வரும். சமையல் மேடை, கனமான மேசை, சுவர் மூலை இவையெல்லாம் உத்தமம்.

வீடியோவில் வருபவர் தாழ்ந்து உட்காருவதைப் பார்த்து முழங்காலை அந்த அளவு மடக்காதீர்கள். கொஞ்சம் மடங்கினாலே போதும், முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்தின் நேருக்கு இருக்க வேண்டும். டைல்ஸ் தரையில் சாக்ஸோடு வேண்டாம், பாய்மேலும் வேண்டாம். வேட்டியை மடித்துக் கட்டுங்கள், புடவைக் கொசுவம் காலில் சிக்கும் என்றால் சுடிதார் நல்லது.

எழுந்ததும் தலை கிறுகிறுக்கிறது என்றால் தாய்ச்சி இரண்டாவது வேலை. பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ அதற்குக் காரணமாக இருக்கலாம். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு முதலில் மருத்துவரிடம் போய்வாருங்கள்.