மஞ்சளித்த இலையில் களைக்கொல்லியின் தடயத்தைக் கண்டறிவது எப்படி?

பயிர் மஞ்சளித்ததும் யூரியாவை எடுக்காதீர்கள். மஞ்சள் எந்த இலையில், இலையின் எந்தப் பகுதியில் தொடங்கியது என்று முதலில் பாருங்கள்.

அட்ரசின், மெட்ரிபுசின், டையூரான் ஆகிய மூன்று களைக்கொல்லிகளும் மண்ணில் விழுந்தால் வேர் வழியாக ஏறி, நீரோட்டத்தோடு இலைக்குப் போகின்றன. நீர் அதிகம் ஆவியாகும் முதிர்ந்த இலைகளில்தான் அவை சேரும். அதனால் அடியிலைகளின் நுனியும் ஓரமும் முதலில் வெளிறிக் கருகும். டையூரானில் பல நேரம் நரம்பே மஞ்சளிக்கும். பாராகுவாட் அப்படியல்ல. துளி பட்ட இடம் மட்டும், நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே நீர்க்கோத்தது போலாகிப் பிறகு காயும். கிளைபோசேட் குருத்தைத் தாக்கும்; அடியிலை பச்சையாகவே இருக்க, தளிர் வெளிறும். இலை வெள்ளை வெளேரென்று ஆனால் குளோமசோன், மீசோட்ரையோன் வகையைச் சந்தேகிக்கலாம். பச்சையத்தை வெயிலிலிருந்து காக்கும் கரோட்டினாய்டு உருவாவதை இவை தடுக்கின்றன.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சாம்பல் சத்துக் (பொட்டாசியம்) குறைவிலும் அடியிலை ஓரம்தான் கருகும். கண்ணால் மட்டும் பிரிப்பது கடினம். இங்கேதான் இலைத்துண்டு ஒளியில் ஆக்சிஜன் விட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் இலைத்துண்டு சோதனை உதவும்.

அட்ரசின் வகை மருந்துகள் இலைக்குள் செய்வது இதுதான்: ஒளிச்சேர்க்கையின் இரண்டாம் ஒளியமைப்பில் டி1 என்றொரு புரதம் உண்டு. அதில், எலெக்ட்ரானைச் சுமந்து செல்லும் பிளாஸ்டோகுவினோன் என்ற மூலக்கூறு வந்து அமரும் இடத்தை மருந்து பிடித்துக்கொள்கிறது. எலெக்ட்ரான் ஓட்டமும் ஆக்சிஜன் வெளியேற்றமும் நிற்கின்றன. செடி பட்டினியால் சாகிறது என்று பலர் நினைப்பது சரியல்ல. போக வழியில்லாத ஒளியாற்றல் பச்சையத்தில் தேங்கி, ஆக்சிஜனைக் கடும் வினைத்திறன் கொண்டதாக மாற்றுகிறது. அது செல் சவ்வுகளைச் சிதைக்கிறது. மேகமூட்டமான நாட்களில் பாதிப்பு தள்ளிப்போவது இதனால்தான். சோதனைக்கு நமக்கு வேண்டியது அந்த நின்றுபோன ஆக்சிஜன் மட்டுமே.

500 மில்லி தண்ணீரில் 1 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். நுரை வந்தால் அதிகம் என்று பொருள். சந்தேகச் செடியிலிருந்தும், அதே வயதுள்ள நல்ல செடியிலிருந்தும் இலைகளை எடுங்கள். கருகிய பகுதியை விட்டு, இன்னும் பச்சையாக உள்ள இடத்தில், நடுநரம்பைத் தவிர்த்து, காகிதம் துளைக்கும் கருவியால் தலா 10 வட்டுகள் வெட்டுங்கள். ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சில் வட்டுகளைப் போட்டுக் கரைசலை உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து, அதன் உள்தண்டைப் பின்னால் இழுத்து 10 வினாடி பிடியுங்கள். விட்டதும் இலைக்குள்ளிருந்த காற்றின் இடத்தில் கரைசல் புகும். இரண்டு மூன்று முறையில் வட்டுகள் மூழ்கிவிடும். அதற்கு மேல் பலமாக இழுத்தால் திசு கிழிந்து, நல்ல இலையும் கெட்டதுபோல் காட்டும்.

இரண்டு தெளிவான குவளைகளில் 4 செ.மீ. உயரத்துக்குக் கரைசல் ஊற்றி வட்டுகளை இடுங்கள். எல்இடி விளக்கு ஒன்றே போதும், சூடேறக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு முறை மிதப்பவற்றை எண்ணுங்கள். நல்ல இலை வட்டுகள் ஆக்சிஜன் குமிழால் ஒவ்வொன்றாக எழும். 20 நிமிடத்தில் பெரும்பாலானவை மேலே வந்துவிட வேண்டும். அவையே எழவில்லை என்றால் சோதனை செல்லாது. சோடா குறைந்திருக்கலாம், அல்லது இலை நெடுநேரம் இருட்டில் கிடந்திருக்கலாம். பறித்த உடனே செய்யுங்கள். வட்டுகளை ஊறவிடவும் வேண்டாம்: இந்த மருந்துகள் புரதத்தில் இறுக ஒட்டுவதில்லை, நீரில் கழுவப்பட்டுப் போகலாம்.

நல்லது மிதந்து சந்தேக வட்டு அடியிலேயே கிடந்தால், அட்ரசின் வகைமீது சந்தேகம் வலுக்கிறது. தாமதமாகவேனும் எழுந்தால் சத்துக் குறைவின் பக்கம் பாருங்கள். பாராகுவாட் பட்ட இலையில் புள்ளிகளுக்கு இடையிலுள்ள பச்சை வட்டு மிதக்கும். கிளைபோசேட்டின் தொடக்க நாட்களிலும் மிதக்கும். அது ஒளிச்சேர்க்கையை நேராகத் தொடுவதில்லை, அமினோ அமில உற்பத்தியையே தடுக்கிறது.

மரங்களில் தடித்த, மெழுகுள்ள இலையில் கரைசல் எளிதில் புகாது. முழுதாக விரிந்த இளம் இலையை எடுங்கள். ரோமம் நிறைந்த இலை காற்றைப் பிடித்து மிதந்து ஏமாற்றும். இளமரத்தின் பச்சைப் பட்டை வழியாகவோ வேர்க்கன்று வழியாகவோ புகுந்த கிளைபோசேட் அடுத்த தளிர்ப்பில்தான் தெரியவரும்: இலைகள் நாடா போலக் குறுகிக் கொத்தாக வரும். அதற்கு இந்தச் சோதனை உதவாது.

மக்காச்சோளம் அட்ரசினைத் தன் செல்லிலுள்ள குளுட்டாதயோன் என்ற சேர்மத்துடன் பிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடும். மற்ற பயிர்களிலும் பாதிப்பு லேசாக இருந்தால் மீளலாம். ஒரு வாரம் கழித்துப் புது இலையில் மறுபடி வெட்டிப் பாருங்கள். வட்டுகள் எழுந்தால் பயிரை உழுதுவிட அவசரம் வேண்டாம்.