வாத்தியார் பென்ஷனும் பட்ஜெட்டும்: கணக்கை நீங்களே பார்ப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சம்பளப் பட்டியல் போடுவதும் ஓய்வூதியக் கருத்துரு அனுப்புவதும்தான் என் உத்தியோகம். அதனால் டீக்கடையில் யாராவது "வரிப்பணம் பூரா வாத்தியார் பென்ஷனுக்கே போகுது" என்று ஆரம்பித்தால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கிய வாரங்களில் இந்தப் பேச்சு இன்னும் சூடாக இருக்கும். சண்டைக்குப் போவதற்கு முன்னால் கணக்கைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் உங்கள் சம்பளச் சீட்டை எடுங்கள். 1.4.2003-க்கு முன் பணியில் சேர்ந்தவர் என்றால் உங்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம். அடிப்படை ஊதியம் என்ற வரியை மட்டும் வட்டமிடுங்கள். தகுதியுள்ள பணிக்காலம் 30 ஆண்டு இருந்தால் அந்த அடிப்படை ஊதியத்தில் பாதி மாத ஓய்வூதியம். அடிப்படை 80,000 என்றால் 40,000. சர்வீஸ் 24 ஆண்டுதான் என்றால் அந்த விகிதத்துக்குக் குறைந்து 32,000. இதன்மேல் அகவிலைப்படி.

நம் மலைக்காரர்கள் ஏமாந்து போகும் இடம் ஒன்று உண்டு. கீழே மேட்டுப்பாளையத்தில் வேலை பார்ப்பவருக்கு இல்லாத மலைப்படியும் குளிர்காலப்படியும் நமக்கு வரும். அதையும் வீட்டு வாடகைப்படியையும் சேர்த்து, கைக்கு வரும் தொகையில் பாதி பென்ஷன் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். இவை எதுவும் ஓய்வூதியக் கணக்கில் சேராது. ஓய்வு பெற்ற பிறகும் டிசம்பர் மாதக் குளிர் அதேதான், படி மட்டும் கிடையாது. கருத்துரு எழுதும்போது இதைச் சொன்னால் பல டீச்சர்களுக்கு முகம் வாடிவிடும்.

கம்யூட்டேஷன் விஷயமும் தெரிந்திருக்கட்டும். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தொகுத்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கலாம். அந்தப் பங்கை 15 ஆண்டுகள் மாதாமாதம் பிடிப்பார்கள். ஆனால் அகவிலைப்படி முழு 40,000-க்கும் கணக்காகும், பிடித்தம் போக மீதிக்கு அல்ல. வங்கிக் கணக்கில் விழும் தொகையை வைத்துச் சரிபார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, இப்போது பட்ஜெட். தமிழ்நாடு நிதித்துறையின் இணையதளத்தில் எல்லா பட்ஜெட் புத்தகங்களும் கிடக்கின்றன. பட்ஜெட் உரையில் பள்ளிக் கல்விக்கு இவ்வளவு கோடி என்று வரும். 2025-26-க்கு அது 46,767 கோடி. ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் பென்ஷனும் இதற்குள் இருக்கிறது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இல்லை. ஒவ்வொரு துறைச் செலவுக்கும் சட்டமன்றத்தில் பணம் கேட்கும் தனிப் பகுதிக்கு மானியக் கோரிக்கை என்று பெயர். பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை எண் 43. ஓய்வூதியத்துக்குத் தனியாக மானியக் கோரிக்கை எண் 50 இருக்கிறது. அதைத்தான் திறக்க வேண்டும்.

திறந்ததும் 2071 என்ற பெரும் தலைப்பைத் தேடுங்கள், ஓய்வூதியச் செலவுக்கான கணக்கு எண் அது. அதன் கீழே சிறு தலைப்புகள். 101 என்பது வயது முதிர்வு ஓய்வூதியம், 102 நான் மேலே சொன்ன கம்யூட்டேஷன், 104 பணிக்கொடை, 105 குடும்ப ஓய்வூதியம். 109 அரசு உதவி பெறும் கல்வி நிறுவனப் பணியாளர்களுடையது. ஊட்டி, குன்னூரில் இருக்கும் பழைய உதவி பெறும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள் இதற்குள் வருவார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் பெரும்பாலும் 101-ல் போலீஸ்காரர், தாசில்தார், நர்ஸ் எல்லோரோடும் கலந்து கிடக்கிறார். ஆகவே "வாத்தியார் பென்ஷன் மட்டும் இத்தனை ஆயிரம் கோடி" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், எந்தத் தலைப்பில் பார்த்தீர்கள் அண்ணா என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

படிக்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பக்கத்தின் மேலே தொகை ஆயிரத்திலா, லட்சத்திலா என்று போட்டிருக்கும். அதைப் பார்க்காவிட்டால் ஒன்றிரண்டு பூஜ்யத்தில் மானம் போகும். அப்புறம், கணக்கு, திருத்திய மதிப்பீடு, வரவு செலவுத் திட்ட மதிப்பீடு என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். கணக்கு என்பதுதான் உண்மையில் செலவான பணம். ஒரு வருடத்து மதிப்பீட்டை இன்னொரு வருடத்துக் கணக்கோடு ஒப்பிட்டு "ஏறிவிட்டது" என்று சொல்லாதீர்கள்.

தனித்தொகையைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், மொத்த வருவாயால் வகுத்துப் பாருங்கள். 2025-26 மதிப்பீட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி. எல்லாத் துறைக்கும் சேர்த்து ஓய்வூதியம் சுமார் 41 ஆயிரம் கோடி. நூறு ரூபாய் வந்தால் 12 ரூபாய்க்குச் சற்று மேல். அதே நூறில் சம்பளத்துக்கு 27, கடன் வட்டிக்கு 21. ஆக, "பூரா" போகவில்லை. பென்ஷனைவிட வட்டிக்குப் போவது அதிகம் என்பதை டீக்கடையில் யாரும் பேசுவதில்லை. அதற்காக 12 ரூபாய் ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். மூன்றும் சேர்ந்தால் 60-ஐத் தாண்டுகிறது. புதுப் பள்ளிக்கூடம், சாலை, மருத்துவமனை, மானியம் எல்லாம் மீதியிலிருந்தும் கடனிலிருந்தும்தான் வர வேண்டும்.

வருடா வருடம் ஏறும் காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அகவிலைப்படி வருடத்துக்கு இரண்டு முறை திருத்தப்படுகிறது. 80 வயதைத் தாண்டியவருக்கு 20 சதவீதம் கூடுதல், நூறைத் தொட்டவருக்கு இரட்டிப்பு. 2003-க்கு முன் இளம் வயதில் சேர்ந்தவர்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்று முடிய 2040-ஐத் தாண்டிவிடும். இன்னொன்று, ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. அதனால் சுமார் இரண்டு வருடம் வயது முதிர்வில் யாரும் வெளியே போகவில்லை. பணிக்கொடையும் கம்யூட்டேஷனும் அப்படியே தள்ளிப் போய், 2022-லிருந்து சேர்ந்து வந்தன. அந்த இரண்டு வருடத்தை அடிப்படையாக வைத்து வளர்ச்சி விகிதம் போடுகிறவரின் கணக்கை நம்பாதீர்கள்.

2003-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு வேறு கணக்கு. சிபிஎஸ், அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்று, அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்த்து 10 சதவீதம் பிடிப்பார்கள், அரசும் அதே அளவு போடும். 2071-ல் 117 என்ற தலைப்பு இந்த அரசுப் பங்குக்கானது. 2026 ஜனவரியில் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அரசு அறிவித்தது. ஊழியரின் 10 சதவீதம் தொடரும், ஓய்வூதியம் கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி. இதற்காக ஓய்வூதிய நிதியத்துக்கு ஒருமுறை 13,000 கோடியும், அப்புறம் ஆண்டுக்குச் சுமார் 11,000 கோடியும் தேவைப்படும் என்று அறிவிப்பில் சொன்னார்கள். 11,000-ஐ மேலே சொன்ன வருவாயால் வகுத்தால் நூறுக்கு 3 ரூபாய் 30 காசு சொச்சம். இது தாங்குமா தாங்காதா என்ற வாதத்தை அந்த எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள்.

சிபிஎஸ்காரர்கள் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். வருடாந்திரக் கணக்குத்தாளை இறக்கி, மாதம் மாதமாகச் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். கூடலூரிலிருந்து குன்னூருக்கு மாறுதலாகி வந்தவருக்கு, மாறிய மாதத்துப் பிடித்தம் வரவாகாமல் நிற்பது சகஜம். விடுபட்ட வரவு என்று எழுதி, அந்த மாதச் சம்பளப் பட்டியல் நகலோடு சம்பளம் போடும் அலுவலருக்கு மனு கொடுங்கள். பழைய பள்ளியில் அந்தப் பட்டியல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்த எழுத்தர் மாறுதலில் போவதற்குள் கொடுத்துவிடுங்கள்.