மூன்று சென்ட்டில் நாலு லைன் வீடு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் நான். இன்றைக்கு மாதம் 18,000 ரூபாய் வாடகை வருகிறது. பெரிய வீடு ஒன்றிலிருந்து இல்லை, மூன்று சென்ட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய நாலு லைன் வீடுகளிலிருந்து.

முதலில் கணக்கு. 2009-இல் வாங்கிய இடம், 2014-இல் கட்டிய கட்டடம், பிறகு செய்த திருத்தம் எல்லாம் சேர்த்து 20 லட்சம் ஆனது. வருடத்துக்குப் பன்னிரண்டு மாத வாடகை என்று கணக்குப் போடாதீர்கள், ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று பதினொன்றுதான் போட வேண்டும். 1,98,000-இல் வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் என்று 25,000 கழித்தால் 1,73,000 மிஞ்சும். போட்ட பணத்தில் நூற்றுக்கு எட்டரை ரூபாய். என் மைத்துனர் கோவையில் 60 லட்சத்துக்கு பிளாட் வாங்கி 15,000-க்கு விட்டிருக்கிறார். அது நூற்றுக்கு மூன்றுகூடத் தேறாது. எனக்குக் கிடைத்த விலையில் இன்றைக்கு இடம் கிடைக்காது, அது வேறு கதை. ஆனாலும் கிரயம் பேசும் முன் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பத்திரச் செலவையும் மறக்காதீர்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக வேண்டும்.

கடன் பத்து லட்சம் வாங்கினேன், பத்து வருடத்துக்கு. மாதத் தவணை 13,500. அப்போது ஒரு வீட்டுக்கு 2,800 வாடகை, நாலுக்கும் சேர்த்து 11,200 வந்தது. துண்டு விழுந்ததைச் சம்பளத்தில் போட்டேன். வாடகை தவணையில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தாலே மூச்சு முட்டும்.

பத்திரம் பார்ப்பதில் அவசரம் கூடாது. முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் (இடத்தின் முந்தைய பத்திரம்), பட்டா, மனைக்கு அங்கீகாரம் இவற்றை வக்கீலிடம் காட்டுங்கள்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். அறுபதாயிரம் மிச்சம் என்று நாலு வீட்டுக்கும் சேர்த்துப் பொதுக் கழிப்பறை கட்டினேன். குடும்பங்கள் வந்து பார்க்கும், அந்த அம்மா பின்பக்கம் போய் எட்டிப் பார்ப்பார், அப்புறம் போன் வராது. தனியாள்கள்தான் வந்தார்கள், தீபாவளி போனஸ் வாங்கி ஊருக்குப் போனதும் பாதிப் பேர் திரும்பவில்லை. மூன்றாம் வருடம் 1,40,000 செலவழித்து வீட்டுக்கொன்றாகக் கட்டினேன். அதன் பிறகுதான் குடும்பங்கள் நிலைத்தன.

தண்ணீரும் அப்படித்தான். வாடகை கேட்கும் முன்பே "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?" என்று கேட்பார்கள். போர்வெல்லில் வரும் சப்பைத் தண்ணீர் மட்டும் இருந்தால் ஐந்நூறு குறைத்துக் கேட்பார்கள், அது நியாயம்தான். நல்ல தண்ணீருக்குத் தொட்டி கட்டிவிடுங்கள். மின்சாரத்துக்கு வீட்டுக்கொரு மீட்டர் வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அவர்களுக்கே போய்ச் சேரும், யூனிட்டுக்கு எவ்வளவு என்ற சண்டையும் வராது.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடி வர மாட்டார்கள். ஆனிக் கடைசியில் வீடு காலியானால் ஆவணி வரை சும்மாதான் கிடக்கும். வெள்ளையடிக்கும் வேலையை அந்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும். வேறு ஒப்புதல் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வருமான வரியில், கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் கழிவு உண்டு. ரசீது காட்டத் தேவையில்லை.

மாத வாடகை இல்லாமல் மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு ஒத்திக்கு மட்டும் விடாதீர்கள். இரண்டு லட்சத்தை மொத்தமாக வாங்கிச் செலவழித்துவிட்டு, அவர்கள் காலி செய்யும்போது திருப்பித் தர வட்டிக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலி செய்பவர்களுக்கு முன்பணத்தைச் சாவி வாங்கிய அன்றே எண்ணிக் கொடுத்துவிடுங்கள். என் மூன்றாவது வீட்டுக்கு ஆறு வருடமாக 'வாடகைக்கு' போர்டே மாட்டவில்லை. போகிறவர்களே தங்கள் கம்பெனி ஆளைக் கூட்டி வந்து விட்டுப் போகிறார்கள்.