நாட்டுக்கோழிக் கொழுப்பும் மரபணுவும்: முதன்முறை செய்பவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் நாட்டுக்கோழி அறுத்தால் முதலில் வயிற்றுக் கொழுப்பைத்தான் பார்ப்பார்கள். நல்ல மஞ்சளாக இருந்தால் "மேஞ்ச கோழிடா" என்பார் என் அப்பத்தா. அந்த மஞ்சள், சோளத்திலும் பச்சைப் புல்லிலும் இருந்து வந்த கரோட்டினாய்டு நிறமி. கொழுப்பு எவ்வளவு என்பதை அது சொல்லாது, தராசுதான் சொல்லும். ஏன் சேர்ந்தது என்பதற்கு மரபணுக்களின் வேலையைப் பார்க்க வேண்டும். அதற்காக நாட்டுக்கோழியையும் பிராய்லரையும் ஒப்பிடும் சோதனைதான் இது.

1. கோழி

சந்தையில் வாங்கிய கோழி இதற்கு ஆகாது. வயதும் தெரியாது, தின்றதும் தெரியாது. ஒரே நாளில் பொரித்த சிறுவிடை (நம் நாட்டுக்கோழி வகை), பிராய்லர் குஞ்சுகளை ஒரே தீவனத்தில் வளர்க்க வேண்டும். பிராய்லர் 6 வாரத்தில் கறிக்குத் தயார். அந்த வயதில் சிறுவிடை இன்னும் குஞ்சுதான். அதனால் ஒப்பிடுவது சம வயதிலா, சம எடையிலா என்று முதலிலேயே முடிவெடுங்கள். சேவலையும் பெட்டையையும் கலக்க வேண்டாம்: முட்டைப் பருவத்துப் பெட்டையின் ஈரல் மஞ்சள் கருவுக்காகவும் கொழுப்பு தயாரிக்கும், கணக்கு குழம்பிவிடும். வகைக்கு 6 கோழியாவது இருக்கட்டும். உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.

2. அறுத்ததும்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் வழக்கப்படி தீயில் வாட்டி மஞ்சள் தடவிய பிறகு ஆர்.என்.ஏ. (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் மூலக்கூறு) தேடினால் மிஞ்சுவது குழம்புதான். அறுத்த சில நிமிடங்களில் ஈரல் துண்டை எடுத்துவிட வேண்டும்.

ஏன் ஈரல்? கோழிக்குக் கொழுப்பு பெரும்பாலும் தயாராவது ஈரலில். வயிறு அதைச் சேர்த்துவைக்கும் கிடங்கு. வயிற்றுக் கொழுப்பை மட்டும் எடுத்துப்போனால், நெல் எங்கே விளைந்தது என்று குதிரிடம் கேட்ட கதைதான். இரண்டிலும் எடுங்கள். துண்டு அரை செ.மீ. தடிமனுக்குள் இருந்தால்தான் ஆர்.என்.ஏ. பாதுகாப்புத் திரவம் உள்ளே இறங்கும். திரவம் துண்டைப்போல் 5 மடங்கு. மீதி வயிற்றுக் கொழுப்பு முழுவதையும் எடுத்து, வெட்டிய துண்டையும் சேர்த்து எடைபோட்டு, உயிர் எடையில் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அறுப்பதற்கு முன் எல்லாக் கோழியும் ஒரே நேர அளவு பட்டினி இருக்க வேண்டும். பட்டினி கிடந்த கோழியின் ஈரலில் கொழுப்பு தயாரிக்கும் மரபணுக்கள் அடங்கிவிடும்.

என் முதல் முயற்சியில் திரவம் இல்லாமல் வெறும் ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்குப் பஸ் ஏறினேன். மேலூரில் பெட்டியைத் திறந்தால் தண்ணீர். அந்த ஆறு ஈரலும் வீண்.

3. ஆய்வகத்தில்

ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதன் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 2-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கலந்திருக்கும் டி.என்.ஏ.வை அழிக்க டி.என்.ஏஸ் நொதி சேர்த்து, சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. நகல்) ஆக்கி, அதைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும் க்யூ.பி.சி.ஆர். இயந்திரத்தில் போடுங்கள். அளக்க வேண்டிய மரபணு, ஈரலுக்கு எஃப்.ஏ.எஸ்.என்.; அது கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதிக்கானது. வயிற்றுக் கொழுப்புக்கு எல்.பி.எல். (கொழுப்பை உள்ளே இறக்கும் நொதிக்கானது), பி.பி.ஏ.ஆர். காமா (கொழுப்பு செல்கள் உருவாவதைக் கட்டுப்படுத்துவது). இரண்டுக்கும், அளவு மாறாத ஒப்பீட்டு மரபணு ஒன்று வேண்டும். பலரும் ஜி.ஏ.பி.டி.எச். போடுவார்கள், அது இரு வகைக் கோழியிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

4. கணக்கு

மரபணு எத்தனையாவது பெருக்கல் சுற்றில் இயந்திரத்துக்குத் தெரிந்தது என்பதே சி.டி. மதிப்பு. புரிவதற்காக நான் போட்ட எண்கள் இவை. பிராய்லர் ஈரலில் எஃப்.ஏ.எஸ்.என். சி.டி. மதிப்பு 24, ஜி.ஏ.பி.டி.எச். 18, வித்தியாசம் 6. சிறுவிடையில் 26, 18, வித்தியாசம் 8. எட்டில் ஆறு போக 2. சி.டி. ஒன்று கூடினால் மரபணுப் பிரதி பாதியாகிறது, எனவே இரண்டு கூடினால் கால் பங்கு. சிறுவிடையில் இந்த மரபணு பிராய்லரில் இருப்பதில் நாலில் ஒரு பங்குதான் வெளிப்படுகிறது என்று பொருள். சி.டி. கூடினால் மரபணு வெளிப்பாடு குறைவு. இதைத் தலைகீழாக எழுதாத மாணவரை நான் பார்த்ததில்லை.

அப்புறம் இந்த வெளிப்பாட்டு அளவையும் கொழுப்புச் சதவீதத்தையும் கோழிவாரியாக ஒரே வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஈரலில் எஃப்.ஏ.எஸ்.என். ஏறியும் வயிற்றில் கொழுப்பு சேரவில்லையா? வயிற்றுத் துண்டின் எல்.பி.எல். அளவைப் பாருங்கள். ரத்தத்தில் வரும் கொழுப்பைக் கிடங்குக்குள் இறக்குவது அந்த நொதிதான்.