செய்தியில் வந்த ஆய்வைக் கட்டுரையாகப் படிப்பது எப்படி: வெளிநாட்டு உதவியும் வானியற்பியலும் வைத்து ஒரு பயிற்சி

“ஆய்வில் தெரியவந்துள்ளது” என்று ஒரு செய்தி சொன்னால், அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு கட்டுரை இருக்கும். அதைத் தேடி எடுத்து, அதிலுள்ள முக்கிய எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண் இன்றும் நிற்கிறதா என்று பார்க்கப் புதியவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். பட்டம் எதுவும் தேவையில்லை. வகுத்தல் கணக்கு தெரிந்தால் சரி.

பழகுவதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, கிரெய்க் பர்ன்சைடும் டேவிட் டாலரும் 2000 செப்டம்பரில் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் எழுதியது. நிதி, பணம், வணிகம் ஆகியவற்றில் நல்ல கொள்கை உள்ள வளரும் நாடுகளில் வெளிநாட்டு உதவி வளர்ச்சியைக் கூட்டுகிறது என்பது அதன் முடிவு. இரண்டாவது, தென்துருவத்தில் இருந்த பைசெப்2 தொலைநோக்கிக் குழுவினர் 2014 மார்ச் 17 அன்று அறிவித்தது. பிரபஞ்சம் பிறந்த கணத்தின் பெருவீக்கத்தில், அதாவது அது சட்டென்று பல மடங்கு விரிந்தபோது, எழுந்த ஈர்ப்பலைகளின் (வெளியையே நெளிக்கும் அலைகளின்) தடயம் கிடைத்துவிட்டது என்றார்கள். இரண்டிலும் ‘இன்ஃப்ளேஷன்’ என்ற சொல் வரும். ஒன்றில் அது விலைவாசி, மற்றதில் பிரபஞ்சம். குழம்ப வேண்டாம்.

தேவையானவை: இரண்டு ஏ4 தாள், பென்சில், கால்குலேட்டர், மூன்று மணி நேரம். முடிந்தால் கட்டுரையை அச்செடுத்துக்கொள்ளுங்கள். போனில் படித்தால் அட்டவணையின் அடிக்குறிப்பு கண்ணிலிருந்து தப்பிவிடும். பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

படி 1: கட்டுரையைக் கைக்குக் கொண்டுவருதல்

செய்தியின் அடியில் ‘10.’ என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் டிஓஐ, கட்டுரையின் நிரந்தர அடையாள எண். டிஓஐ டாட் ஆர்க் தளத்தில் அதை ஒட்டினால் இதழின் பக்கம் திறக்கும். அங்கே காசு கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். கூகுள் ஸ்காலரில் தலைப்பைத் தேடி, முடிவின் கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற பொருளில் உள்ள இணைப்பை அழுத்துங்கள். அன்பேவால் என்ற பிரவுசர் நீட்சியும் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதியைக் காட்டும். வானியற்பியலில் இந்தத் தொல்லை குறைவு. ஏறக்குறைய எல்லாமே ஆர்க்கைவ் (arXiv) என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பொருளியலில் இதழுக்கு முன்பே பணித்தாளாக (வொர்க்கிங் பேப்பர், அதாவது முன்வரைவாக) வெளிவரும் வழக்கம் உண்டு. பர்ன்சைடு–டாலர் கட்டுரை 1997-லேயே உலக வங்கிப் பணித்தாளாக வந்தது.

ஆர்க்கைவ் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. பைசெப்2 கட்டுரையின் எண் 1403.3985. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம்: 2014 மார்ச். எண்ணைத் தொடர்ந்து வி1, வி2 என்று வந்தால் அவை திருத்தப் பதிப்புகள்.

புதியவர்கள் முதலில் சறுக்குவது இந்தப் பதிப்பு விஷயத்தில்தான். பைசெப்2 கட்டுரை 2014 ஜூனில் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் வந்தபோது, மார்ச் பதிப்பிலிருந்த, பால்வெளித் தூசின் அளவைக் கணிக்கும் கணக்கு மாதிரி ஒன்று நீக்கப்பட்டிருந்தது. மொத்த சமிக்ஞையையும் தூசே தந்திருக்கலாம் என்பதை எங்கள் தரவால் மறுக்க முடியாது என்ற பொருளில் ஒரு குறிப்பும் சேர்ந்திருந்தது. மார்ச் பிரதியை மட்டும் படித்தவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. எந்தப் பதிப்பை, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று தாளின் மேல் மூலையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 2: பத்து நிமிடப் பார்வை

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வரிசையாகப் படிக்காதீர்கள். தலைப்பு, சுருக்கம், படங்களும் அவற்றின் விளக்கமும், முன்னுரையின் கடைசிப் பத்தி, முடிவுரை என்ற வரிசையில் போங்கள். சமன்பாடு வந்தால் தாண்டிவிடுங்கள். பிறகு கட்டுரையை மூடிவைத்து, அது என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் சுருக்கத்தை மட்டும் மறுபடி படித்தால் போதும்.

படி 3: முக்கிய எண்ணைப் பிடித்தல்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பொருளியல் கட்டுரையில் எண் அட்டவணையில் இருக்கும். ஒவ்வொரு கெழுவின் (ஒரு காரணி மாறினால் விளைவு எவ்வளவு மாறும் என்று சொல்லும் எண்ணின்) கீழும் அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண் இருக்கும். பெரும்பாலும் அது திட்டப்பிழை, அதாவது அந்த மதிப்பீடு எவ்வளவு தள்ளாடலாம் என்பதன் அளவு. கெழுவைத் திட்டப்பிழையால் வகுங்கள். உதாரணத்துக்கு, கெழு 0.30, திட்டப்பிழை 0.12 என்றால் விடை 2.5. குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் விடை சுமார் 2-ஐத் தாண்டும்போது 5 சதவீத மட்டத்தில் பொருட்படுத்தத்தக்கது, அதாவது வெறும் தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு, என்பார்கள். பக்கத்தில் நட்சத்திரக் குறிகள் இருக்கும். எத்தனை நட்சத்திரத்துக்கு என்ன பொருள் என்பது இதழுக்கு இதழ் மாறும். எச்சரிக்கை: சில கட்டுரைகளில் அடைப்புக்குறிக்குள் இருப்பது திட்டப்பிழை அல்ல, ஏற்கெனவே வகுத்த விடையான டி-மதிப்பு. அதை மறுபடி வகுத்தால் எல்லாம் தலைகீழாகும். அட்டவணையின் அடிக்குறிப்பைப் பார்த்த பிறகே கால்குலேட்டரைத் தொடுங்கள்.

எந்தக் கெழு முக்கியம் என்பதும் கேள்விதான். பர்ன்சைடு–டாலரில் ‘உதவி’ என்ற வரியைப் பார்த்துவிட்டு நின்றால் கட்டுரையின் வாதத்தையே தவறவிடுவீர்கள். அவர்கள் வாதம் ‘உதவி × கொள்கை’ என்ற பெருக்கல் வரியில் இருக்கிறது. உதவியின் பலன் கொள்கையைப் பொறுத்துக் கூடிக் குறைகிறது என்பதே அந்த வரியின் பொருள்.

வானியற்பியலில் எண் பெரும்பாலும் சுருக்கத்திலேயே இருக்கும். பைசெப்2 தந்தது: ஆர் = 0.20, மேலே 0.07, கீழே 0.05 பிழை. ஆர் என்பது ஈர்ப்பலைகளின் பங்கை, அடர்த்தி ஏற்ற இறக்கங்களின் பங்கோடு ஒப்பிடும் விகிதம். ஆர் சுழியம் என்ற வாய்ப்பை 7 சிக்மா அளவில் ஒதுக்குவதாகவும் சொன்னார்கள். சிக்மா என்பது தற்செயலான ஏற்ற இறக்கத்தின் அளவுகோல்; எண் கூடக் கூடத் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். இயற்பியலில் 5 சிக்மாவே கண்டுபிடிப்புக்கான வழக்கமான அளவு. வெறும் தற்செயலால் அப்படி நேர சுமார் 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்.

அப்படியானால் 7 சிக்மா எப்படிக் கவிழ்ந்தது? சிக்மா பதில் சொல்வது ஒரே கேள்விக்கு: இது இரைச்சலா, உண்மையான சமிக்ஞையா? சமிக்ஞை உண்மைதான். அது எங்கிருந்து வந்தது என்று சிக்மாவுக்குத் தெரியாது. பைசெப்2 அளந்தது தளவிளைவை, அதாவது ஒளி அலைகள் ஒரு குறிப்பிட்ட திசையில் கூடுதலாக அதிர்வதை. நம் பால்வெளியிலுள்ள தூசும் அதே வகைத் தளவிளைவைத் தரும். உதவிக் கட்டுரையின் நட்சத்திரங்களும் அப்படித்தான். கையிலுள்ள தரவில் இது தற்செயல் அல்ல என்று சொல்லும். தரவு போதுமா, சரியா என்று சொல்லாது.

படி 4: தரவு எங்கிருந்து வந்தது?

தாளில் நான்கு கேள்வி எழுதிப் பதில் தேடுங்கள்: எதை அளந்தார்கள், எத்தனை, எந்தக் காலம், எதை விட்டார்கள்.

பர்ன்சைடு–டாலர்: 56 நாடுகள், 1970 முதல் 1993 வரை, நான்கு நான்கு ஆண்டுகளாக ஆறு காலகட்டங்கள். மானியத்தையும், சலுகைக் கடனில் மானியத்துக்குச் சமமான பகுதியையும் மட்டுமே உதவி என்று கணக்கிட்டார்கள். வழக்கமான ஓடிஏ (அரசுகள் தரும் அதிகாரப்பூர்வ வளர்ச்சி உதவி) எண்களோடு இதை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஓடிஏவிலேயே ஒரு பள்ளம் உண்டு. அந்த எண்களை வெளியிடும் ஓஈசிடி அமைப்பு, 2018-ஆம் ஆண்டுத் தரவிலிருந்து தலைப்பு எண்ணை (செய்திகளில் வரும் மொத்த உதவி எண்ணை) மானியச் சமமதிப்பு முறைக்கு, அதாவது கடனில் மானியத்துக்குச் சமமான பகுதியை மட்டும் எண்ணும் முறைக்கு, மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் தலைப்பு எண்ணோடு நேராக ஒப்பிட்டு உதவி கூடியது, குறைந்தது என்று எழுதினால் தவறு. ஒப்புக்கொண்ட தொகைக்கும் உண்மையில் கொடுத்த தொகைக்கும் தனித்தனி வரிசைகள் இருப்பதையும் கவனியுங்கள்.

இன்னொரு சிக்கல் காரண–விளைவின் திசை. வளர்ச்சி தடுமாறும் நாட்டுக்குத்தான் உதவி அதிகம் போகும். உதவி போன இடத்தில் வளர்ச்சி குறைவு என்று பார்த்ததும் “உதவியால் கெட்டது” என்று முடிவுகட்டினால், ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அதிகம், ஆகவே ஆஸ்பத்திரிதான் நோய்க்குக் காரணம் என்பது போலாகும். ஆசிரியர்கள் இதைச் சமாளிக்க என்ன செய்தார்கள் என்று செய்முறைப் பகுதியில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். புரியாவிட்டாலும் உத்தியின் பெயரையாவது எழுதுங்கள்.

பைசெப்2: வானத்தில் சுமார் 380 சதுர டிகிரி, 2010 முதல் 2012 வரை மூன்று பருவங்கள், 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண். அந்த ‘ஒரே’ என்ற சொல்லை வட்டமிடுங்கள். தூசு உயர் அதிர்வெண்ணில் கூடுதலாக ஒளிரும், அண்ட நுண்ணலைப் பின்னணியின் (பிரபஞ்சத்தின் தொடக்கக் காலத்திலிருந்து வரும் ஒளியின்) போக்கு வேறு. இரண்டையும் பிரிக்கக் குறைந்தது இரண்டு அதிர்வெண்கள் வேண்டும்.

படி 5: பிறகு என்ன நடந்தது?

கூகுள் ஸ்காலரில் மேற்கோள் எண்ணிக்கையை அழுத்தினால் அந்தக் கட்டுரையைச் சுட்டிய பிற்கால எழுத்துகள் எல்லாம் வரும். ஆயிரக்கணக்கில் இருந்தால் ‘மேற்கோள் காட்டியவற்றுள் தேடு’ பெட்டியை டிக் செய்து, கமென்ட் (விமர்சனக் குறிப்பு), ரிப்ளை (பதில்), ரெப்ளிகேஷன் (மறுபடி செய்து பார்த்தல்), எரேட்டம் (பிழைதிருத்தம்) ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். வானியற்பியலுக்கு நாசாவின் ஏடிஎஸ் என்ற கட்டுரைத் தேடுதளம் இன்னும் கச்சிதம். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்க, கட்டுரைகளைச் சேமித்துவைக்கும் ஜொடேரோ மென்பொருளில் சேர்த்துவையுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் பட்டியலில் இருந்தால் அதுவே எச்சரிக்கும்.

இரண்டு கட்டுரையிலும் இந்தப் படிதான் கதையை மாற்றுகிறது. வில்லியம் ஈஸ்டர்லி, ராஸ் லெவைன், டேவிட் ரூட்மன் மூவரும் 2004 ஜூனில் அதே இதழில் ஒரு கமென்ட் எழுதினார்கள். அதே முறைதான். தரவை 1997 வரை நீட்டி, பழைய ஆண்டுகளில் விடுபட்டிருந்தவற்றையும் நிரப்பினார்கள். ‘உதவி × கொள்கை’ வரி பொருட்படுத்தத்தக்கதாக இல்லாமல் போனது. அதே இதழில் பர்ன்சைடும் டாலரும் பதிலும் எழுதினார்கள். கமென்டைப் படித்துவிட்டுப் பதிலை விடுவது பாதி வேலை.

பைசெப்2-க்குப் பதில் பிளாங்க் செயற்கைக்கோளிடமிருந்து வந்தது. 353 கிகாஹெர்ட்ஸில் தூசை அளந்திருந்த பிளாங்க் குழுவும், பைசெப்2 மற்றும் தென்துருவத்தின் இன்னொரு தொலைநோக்கி வரிசையான கெக் குழுவும் தரவைச் சேர்த்து 2015 தொடக்கத்தில் வெளியிட்ட முடிவு: ஆர், 95 சதவீத நம்பகத்தில், 0.12-க்குக் கீழே. 0.20 என்பது அளவீடு, 0.12-க்குக் கீழே என்பது மேல் வரம்பு. “ஆர் 0.12 என்று கண்டுபிடித்தார்கள்” என்று எழுதிவிடாதீர்கள். இருந்தால் இதைவிடச் சிறியது, இல்லாமலும் இருக்கலாம் என்றே பொருள்.

படி 6: அரைப் பக்கக் குறிப்பு

பைசெப்2-க்கு முடிந்த குறிப்பு இப்படி இருக்கும். பதிப்பு: 1403.3985, ஜூன் இதழ்ப் பிரதியோடு ஒப்பிட்டது. எண்: ஆர் 0.20. தரவு: ஒரே அதிர்வெண், 380 சதுர டிகிரி. ஐயம்: தூசு. பிறகு: 2015 கூட்டு ஆய்வு, மேல் வரம்பு 0.12. இன்றைய நிலை: ஈர்ப்பலைத் தடயம் என்ற கூற்று நிற்கவில்லை, தளவிளைவு அளவீடு நிற்கிறது.

உதவிக் கட்டுரைக்கு இதே ஆறு வரிகளை நீங்களே நிரப்புங்கள். கடைசி வரியில் “தவறு” என்று ஒரே சொல்லில் முடிக்கக் கை துடிக்கும். அந்தக் கமென்ட் காட்டியது, முடிவு கூடுதல் தரவைத் தாங்கவில்லை என்பதைத்தான். உதவியால் பலனில்லை என்று அது நிறுவவில்லை.