வண்டலும் வாழைமட்டையும்: சிறுவர் நூலுக்குப் படம் உருவாக்கும் முறை

சிறுவர் நூலுக்குப் படம் வரையத் தொடங்குவோர் பலர், விலை கூடிய நீர்வண்ணத் தாளை விரித்துக் கதையின் முதல் பக்கத்தையே முதலில் முடிக்க முயல்கிறார்கள். தாள் வீணாகிவிடும் என்ற அச்சத்தில் கை இறுகிவிடும். கை அழுக்காகும் வேலையைச் சில வாரங்கள் தனித் தாள்களில் மனம் நிறையச் செய்துவிட்டு, அந்தத் தாள்களிலிருந்து பக்கங்களை வெட்டி அமைப்பதே நான் பரிந்துரைக்கும் முறை.

காவிரிப் படுகையில் வாழ்பவருக்கு முதல் வண்ணம் காலடியிலேயே இருக்கிறது. மேட்டூர் அணை திறப்பதற்கான வழக்கமான நாள் ஜூன் 12; அதற்கு முந்தைய கோடையில், வறண்ட வாய்க்காலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வண்டலைச் சேகரித்துக்கொள்ளுங்கள். அதை நீரில் கரைத்துச் சற்று நேரம் விட்டால் மணல் முதலில் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் இறுத்து, இரவு முழுவதும் அசையாமல் வைத்துத் தெளிந்த நீரைக் கொட்டிவிட்டால், விரலில் நெருடாத மென்சேறு எஞ்சும். உலர்ந்த சேற்றைக் கண்ணாடிப் பலகையின் மேல், நீரில் ஊறிய கருவேலம் பிசினும் சில துளி தேனும் சேர்த்துப் பொறுமையாகக் குழைக்க வேண்டும். பிசின் குறைந்தால் வண்ணம் பொடியாக உதிரும். மிகுந்தால் காய்ந்தபின் வெடிக்கும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு துளி கிராம்பு எண்ணெய் போதும்.

மஞ்சளையும் பயன்படுத்தலாம், சுண்ணாம்பு பட்டதும் அது ஆரத்தித் தட்டின் சிவப்பாக மாறுவதைக் காண்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் வெளிச்சத்தில் மஞ்சள் வெளுத்துவிடும் என்பதால், அந்தத் தாளை உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வரிசையாகக் கண்ணறைகள் தெரியும். வெட்டுமுகத்தைத் துணியால் ஒற்றி, சாறு வடிந்தபின் வண்ணம் தொட்டு அழுத்தினால், கூரை ஓடாகவோ மீன் செதிலாகவோ கொள்ளத்தக்க அச்சுகள் விழும். வெண்டைக்காய் பூக்களைத் தரும். மெழுகுவத்தியால் கோடிழுத்து மேலே நீர்வண்ணம் பூசினால், மெழுகு பட்ட இடம் வெள்ளையாக நின்று மழையாகும்.

பருவத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் ஈரத்தின் மேல் ஈரமாகப் பூசும் முறை கைகொடுக்காது, ஏனெனில் முதல் பூச்சு நொடியில் உலர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தாள் தானே ஈரத்தை இழுத்து மெல்லக் காய்வதால், வண்ணங்கள் ஒன்றில் ஒன்று பரவ நேரம் கிடைக்கிறது; அம்மாதங்களை வானத்துக்கும் ஆற்றுக்கும் ஒதுக்குங்கள்.

எருமை வரும் கதையொன்றுக்காக நான் மூன்று நாள் தூரிகையோடு போராடியும், தோல் வழுவழுப்பாகவே வந்தது. திண்ணையில் உலர வைத்திருந்த வண்டல் தாளின் மேல் ஓட்டுச் சரிவிலிருந்து தூறல் சொட்டி, புள்ளியும் வரியுமாகக் கறை படிந்திருந்தது. அதைக் கத்தரித்து வைத்ததும், சேற்றில் புரண்டெழுந்த எருமை கிடைத்தது. ஆகவே கெட்டுப்போனதாகத் தோன்றும் தாளைக் கிழிக்காமல், தேதி குறித்து அடுக்கி வையுங்கள்.

பக்கம் அமைக்கும்போது மட்டும் கண்டிப்பு வேண்டும். பெரிய தாளை மடித்து அச்சிடுவதால் படக்கதை நூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. முதலில் சிறு கட்டங்களில் முழு நூலையும் பென்சிலால் திட்டமிடுங்கள். இரு பக்கங்கள் சேரும் மடிப்பில் முகத்தை வைக்கக் கூடாது. ஓரம் வெட்டுவதற்காக நாற்புறமும் 3 மி.மீ. கூடுதலாகப் படத்தை நீட்டி, அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும், பிசின் இறுகுவதற்குள் தூரிகைகளையும் கண்ணாடியையும் கழுவிவிடுங்கள். வண்டல் மட்டும் கலந்த நீரைக் கொல்லையில் வாழைக்கு ஊற்றலாம்.